பெரிய எழுத்து

கடவுச்சொல்லில்
ஒரு பெரிய எழுத்தாவது இருக்கவேண்டுமாம்.
எனக்குத் தெரிந்த எழுத்துகளில்
பெரியது சிறியது பார்த்ததில்லை.
தலையில் நின்றாலும் வாலில் நின்றாலும்
ம, ம தான்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டே அடிக்கணும் என்றாள்
கூழ் ஆலையில் பக்கத்து மேசை நஸ்ரின்.
ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே
இன்னொரு வேலையும் செய்வதை
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
காலை ஆறிலிருந்து இரண்டு எனக்கு.
இரவு பத்திலிருந்து ஆறு, ஓசூரில், முனிராஜுக்கு.

காவேரிப்பட்டணத்தின் முதல் எழுத்தை நிமிர்த்தி வைத்தேன்.
எண் வேண்டும் என்றது. டோக்கன் நம்பர் முந்நூற்றுப் பதினேழு.
குறி ஒன்று வேண்டும் என்றது.
இரண்டின் தலைமேல்
தொட்டதும் சுருண்ட மரவட்டை மாதிரி ஒன்று கிடந்தது,
எடுத்து ஓரத்தில் விட்டேன்.
'பலவீனம்' என்று சிவப்பில் காட்டியது.
இன்னொரு மரவட்டை.
'பரவாயில்லை' என்று மஞ்சளுக்கு வந்தது.
போதும்.
பெங்களூராவை அந்த நிறத்தில்தான் கூழுக்கு எடுப்போம்.

கிருஷ்ணகிரி இ-சேவை மையத்தில் விரல்ரேகை கேட்டார்கள்.
மே மாதம். மாம்பால் பட்டுப் பட்டுத்
தோல் உரிந்திருந்த நேரம்.
வலது கட்டைவிரல் பொருந்தவில்லை.
இடதும் இல்லை.
சுண்டுவிரலை ஒப்புக்கொண்டது.
வேலை செய்யாத விரலுக்குத்தான் அடையாளம் மிச்சம்.

பேரேடு பதினெட்டுப் பக்கம்.
பற்று ஒரு புறம் வரவு ஒரு புறம் கையால் எழுதி,
குழல்விளக்கின் கீழே
என் தலை நிழல் விழாமல் படமெடுத்து,
ஒரே பிடிஎஃப் ஆக்கியபோது நாற்பத்தோரு எம்பி.
இரண்டுக்கு மேல் வாங்காது பல்கலைக்கழகம்.
கனம் என்றால் எனக்குக் கிரேட் கணக்கு.
ஒன்று இருபது கிலோ, தூக்கினால் தெரியும்.
இது மேசைமேல் அசையாமல் இருந்துகொண்டே கனத்தது.
நிறத்தை எடுத்தேன், ஒன்பது ஆனது.
ஓரங்களை வெட்டினேன், ஐந்து.
மங்கலாக்கினேன்.
ஒன்றேமுக்காலில் உள்ளே போனது.
ஏழா ஒன்றா என்று
திருத்துகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இதெல்லாம் ஒரு பக்கம்.
நுழைகிற ஒவ்வொரு முறையும்
ஆறு இலக்கம் அவர் போனுக்குப் போகும்.
சேர்ந்த அன்று அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தோம்.
அந்தப் போன் கம்பெனி கேட்டில்
பூட்டிய பெட்டிக்குள் ஒருமுறை நடுங்கிவிட்டு அடங்கும்.
பத்து நிமிஷத்தில் எண் செத்துப்போகும்.
மூன்று வகுப்புகள்
வாசலிலேயே நின்று திரும்பினேன்.

நம்பர் மாற்றும் இடத்தைத் தேடிப்பிடிக்க
நான்கு இரவு ஆனது.
மாற்றவேண்டுமானால்
பழைய நம்பருக்கு வரும் ஆறு இலக்கத்தைச் சொல்லணுமாம்.

ஒன்றேகாலுக்கு அவருக்கு டீ இடைவேளை.
ஒன்று பத்துக்கு அழுத்திவிட்டுக் காத்திருந்தேன்.
கேட்டிலிருந்து கூப்பிட்டார்.
"வந்திருக்கு. எதுக்கு இது?"
"நம்பர் மாத்தறேன்."
பின்னால் யாரோ கன்னடத்தில் சிரித்தார்கள்.
"என் நம்பருக்கு என்ன?"
ஒன்றுமில்லை என்றேன்.
உங்களுக்குத்தான் தொந்தரவு என்றேன்.
இரண்டுமே பொய்யில்லை.

நாலு என்றார்.
ஒன்பது. சைபர். சைபர்.
ஏழு.
அப்புறம் லாரி ஒன்று பின்வாங்கும் சத்தம் மட்டும்.
எட்டரை நிமிஷம் ஆகியிருந்தது.
நான் கேட்கவில்லை.
லாரி நின்றது.

"ரெண்டு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் போன், என் கையிலேயே,
ஒரு தரம் அதிர்ந்தது.
அன்புள்ள மாதம்மாள் என்று
ஆங்கிலத்தில்,
ஷிஃப்டை யாரோ விடாமல் அழுத்தியிருந்த மாதிரி
அத்தனையும் பெரிய எழுத்து.
நடுவில் ஒரு எம் குறைகிறது.
அதைத் திருத்த ஒரு படிவம் இருக்கிறதாம்,
எங்கே என்று பார்க்கவேண்டும்
ஆறு மணிக்கு முன்னால்.